வவுச்சர் இருக்கிறதா, தம்பி?



கௌதள்ளியில் ஒரு டிரஸ்ட் தொடங்கப் போகிறேன் என்று எழுதியிருக்கிறாய். ஜாமீன் கிடைத்தும் ஜாமீன்தாரர் கிடைக்காமல் சிறையில் கிடப்பவர்களை வெளியே எடுப்பது, ஏழைக்கு வக்கீல் வைப்பது, ஸ்டேஷனில் அடிபட்டவனின் வாக்குமூலத்தைக் காயம் ஆறுவதற்குள் எழுதி வாங்குவது. இவைதான் நோக்கமாம். கூடவே, "அண்ணா, உங்கள் ஆசீர்வாதம் வேண்டும்" என்று ஒரு வரி. தந்தேன். ஆனால் அதை ரொக்க நன்கொடையில் காட்டுவதா, பொருளாக வந்த நன்கொடையில் காட்டுவதா என்று ஆடிட்டரைக் கேட்டுக்கொண்டு வாங்கிக்கொள். நான் சிங்கப்பூர் குடிமகனாக இருந்து ஆசீர்வதித்திருந்தால் அதற்கென்று நீ டெல்லியில் தனிக் கணக்குத் திறக்க வேண்டியிருக்கும்.

வேறு ஊர்ப் பையன் எவனாவது இப்படி எழுதியிருந்தால், "பொழப்பைப் பாருடா" என்று ஒரே வரியில் முடித்திருப்பேன். உன் ஊருக்கு அப்படிச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கொள்ளேகாலில் ஏறி ஹனூர் தாண்டி மாதேஸ்வரன் மலைக்குப் போகிற பக்தர்கள் கௌதள்ளியைக் கடந்துதான் போகிறார்கள். 1997-ல் சாமராஜநகர் தனி மாவட்டம் ஆகிறவரை அது மைசூர் ஜில்லா. ஜில்லா மாறினாலும், அந்தப் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்களுக்கு 'மைசூர்' என்றால் இன்றைக்கும் அரண்மனையோ தசராவோ முதலில் நினைவுக்கு வராது. கோர்ட்டும் ஜெயிலும்தான் வரும்.

1992 ஆகஸ்டில் உன் ஊர்ப் பக்கத்து மீண்யத்தில் போலீஸ் சூப்பிரண்டு ஹரிகிருஷ்ணாவும் சப்-இன்ஸ்பெக்டர் ஷகீல் அகமதுவும் கொல்லப்பட்டார்கள். 1993 ஏப்ரல் 9 அன்று பாலாற்றுக் கண்ணிவெடியில் 22 பேர் செத்தார்கள். செய்தவன் சந்தனக் கடத்தல் வீரப்பன். இதில் உனக்கோ எனக்கோ சந்தேகம் கிடையாது. அவனைத் தேடிய கர்நாடக, தமிழ்நாட்டு அதிரடிப்படைகளுக்கும் சந்தேகம் இருந்ததில்லை. ஒரு சின்ன இடைஞ்சல் மட்டும் இருந்தது. வீரப்பன் காட்டில் இருந்தான், கிராமத்துக்காரர்கள் வீட்டில் இருந்தார்கள். காட்டில் இருப்பவனைப் பிடிக்கப் பதினோரு வருஷத்துக்கு மேல் ஆயிற்று. வீட்டில் இருப்பவர்களைப் பிடிக்க ஒரு வேன் போதுமானதாக இருந்தது.

பிடித்துக்கொண்டு போன இடங்களில் ஒன்று மாதேஸ்வரன் மலை முகாம். அங்கே விசாரணை நடந்த இடத்துக்குப் போலீஸார் வைத்திருந்த பெயர் ஒர்க்‌ஷாப். மின்சாரம் பாய்ச்சினார்கள், தலைகீழாகத் தொங்கவிட்டார்கள், பெண்களை நிர்வாணமாக்கினார்கள் என்று தேசிய மனித உரிமை ஆணையம் அமைத்த நீதிபதி சதாசிவா குழுவின் முன்னால் ஏறத்தாழ இருநூறு பேர் வந்து சொன்னார்கள். சம்பவங்கள் 1993-ஐ ஒட்டி நடந்தவை. குழு அமைந்தது 1999-ல். அறிக்கை வந்தது 2003-ல். இதற்கு நடுவில் விசாரணைக்கே ஒருமுறை தடை வாங்கினார்கள். அடிபட்டவன் பத்து வருஷம் காத்திருந்தான், அடித்தவருக்குப் பத்து வருஷ சர்வீஸும் அதற்குரிய பதவி உயர்வும் சேர்ந்தன.

முகாமிலிருந்து உயிரோடு வந்தவர்களில் ஒரு கூட்டத்தின்மேல் பயங்கரவாதத் தடுப்புச் சட்டமான தடா பாய்ந்தது. நாடு முழுக்க அந்தச் சட்டத்தில் சுமார் 76,000 பேரைப் பிடித்தார்கள், தண்டனை பெற்றவர்கள் நூற்றுக்கு இரண்டு பேர்கூடத் தேறவில்லை. 1995 மே மாதத்தில் சட்டம் செத்தது. அதன்கீழ் போட்ட வழக்குகள் மட்டும் சாகவில்லை. மைசூர் தடா கோர்ட் தீர்ப்புச் சொன்னது 2001 செப்டம்பரில். 109 பேர் விடுதலை. எட்டு வருஷம் கழித்து, "நீங்கள் போகலாம்" என்றார்கள். எங்கே போவது என்று யாரும் கேட்கவில்லை, பஸ் சார்ஜும் யாரும் கொடுக்கவில்லை.

ஆயுள் தண்டனை பெற்றவர்களில் நால்வர் உச்ச நீதிமன்றத்துக்கு அப்பீல் போனார்கள். 2004 ஜனவரியில் நீதிமன்றம் தானாகவே தண்டனையை உயர்த்தித் தூக்கு ஆக்கியது. நியாயம் கேட்கப் போனவனுக்குக் கயிறு கொடுத்து அனுப்பினார்கள். கருணை மனு ஒன்பது வருஷம் ராஷ்டிரபதி பவனில் ஓய்வெடுத்துவிட்டு 2013 பிப்ரவரியில் நிராகரிக்கப்பட்டது. அந்த ஒன்பது வருஷத் தாமதத்தைக் காரணம் காட்டித்தான் 2014 ஜனவரி 21 அன்று தூக்கு மறுபடி ஆயுள் ஆனது. இந்த நாட்டின் அரசு அலுவலகங்கள் ஏழைக்குச் செய்த ஒரே உபகாரம் கோப்பைத் தூங்கவிட்டதுதான்.

ஒன்றை விட்டுவிட்டேன், அதை நீ உன் டிரஸ்டின் வரலாற்றுக் குறிப்பில் அவசியம் சேர்க்க வேண்டும். 1993 முதல் 2000 வரை அந்தக் கைதிகளுக்காக வக்கீல்கள் மனுப் போட்டார்கள், மனித உரிமைக்காரர்கள் ஊர்வலம் போனார்கள், துண்டறிக்கை அச்சடித்தார்கள். கர்நாடக அரசு அசையவில்லை. 2000 ஜூலை 30 அன்று தாளவாடிப் பக்கத்துத் தொட்ட காஜனூரில் நடிகர் ராஜ்குமாரை வீரப்பன் கடத்தினான். காட்டிலிருந்து ஒரு கேசட் வந்தது. மைசூர் சிறையில் இருந்த 51 தடா கைதிகளை விட வேண்டும் என்பது அவனுடைய நிபந்தனைகளில் ஒன்று. ஆகஸ்ட் மாதத்துக்குள் அரசுத் தரப்பு வக்கீலே கோர்ட்டுக்குப் போய், தடாக் குற்றச்சாட்டைத் திரும்பப் பெறுகிறோம், ஜாமீனில் விடுவதற்கு ஆட்சேபணை இல்லை என்றார். ஏழு வருஷம் நாட்டின் பாதுகாப்புக்கு ஆபத்தாக இருந்தவர்கள் சில நாளில் பச்சைப் பிள்ளைகள் ஆகிவிட்டார்கள்.

ஆக, கர்நாடகத்தின் ஆகத் திறமையான குற்றவியல் நீதிச் சீர்திருத்த அமைப்பை நடத்தியவன் வீரப்பன். ஆண்டறிக்கை கிடையாது, பதிவு எண் கிடையாது, செலவு ஒரே ஒரு கேசட். அரசை இப்படிப் பேசவைத்த பிறகு, சட்டப்படி மனுப் போடு என்று உன் வயசுப் பையன்களுக்கு உபதேசம் செய்ய எந்த முதலமைச்சருக்கு யோக்கியதை இருக்கிறது? இருந்த ஒரே யோக்கியர் கொல்லப்பட்ட ஷகீல் அகமதுவின் தகப்பனார். மிரட்டலுக்கு அரசு பணியக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் போனார். 2000 நவம்பரில் நீதிமன்றம் அவர் பக்கம் நின்றது. சரியான தீர்ப்பு, அவருக்கு என் வணக்கம். ஆனால் அந்த நீதிமன்றப் படியில் ஒரு கேள்வி ஏறாமலே நின்றுவிட்டது. கடத்தல்காரன் கேட்டால்தான் இவர்களை விட முடியும் என்றால், அவன் கேட்பதற்கு முன்னால் எந்த நியாயத்தில் உள்ளே வைத்திருந்தீர்கள்?

இனி பணத்துக்கு வருகிறேன், நீ கேட்டதும் அதைத்தானே.

2004 அக்டோபர் 18 அன்று வீரப்பன் சுட்டுக் கொல்லப்பட்டான். தமிழ்நாட்டு அதிரடிப்படையினர் 752 பேருக்கு முதலமைச்சர் ஜெயலலிதா ஆளுக்கு 3 லட்சம் ரூபாய், ஒரு வீட்டு மனை, ஒரு படி பதவி உயர்வு என்று அறிவித்தார். ரொக்கம் மட்டும் 22 கோடியே 56 லட்சம். அறிவிப்புக்கு ஆணையமோ அறிக்கையோ தேவைப்படவில்லை. 2007 ஜனவரியில் மனித உரிமை ஆணையம் சித்திரவதைக்கு ஆளான 89 பேருக்கு மொத்தம் 2 கோடியே 80 லட்சம் இழப்பீடு தரச் சொன்னது. வகுத்துப் பார், ஆளுக்குச் சராசரி 3 லட்சத்துப் பதினாலாயிரம் வருகிறது. வேட்டைக்குப் போனவருக்கு 3 லட்சம், வேட்டையில் மிதிபட்டவருக்கும் ஏறத்தாழ 3 லட்சம். அரசியல் சாசனத்தின் சமத்துவம் இவ்வளவு துல்லியமாக வேறெங்கும் அமலானதில்லை. மனையும் பதவி உயர்வும் மட்டும் இந்தப் பக்கம் வரவில்லை. ஒர்க்‌ஷாப்பிலிருந்து வந்தவருக்கு எந்தப் பதவியிலிருந்து எந்தப் பதவிக்கு உயர்வு கொடுப்பது என்று தலைமைச் செயலகம் குழம்பியிருக்கலாம்.

இந்தக் கணக்குகளை எந்த ஆடிட்டரும் கையெழுத்துப் போட்டு எந்த இணையத்தளத்திலும் ஏற்றவில்லை. உன் டிரஸ்டோ நாலு டீ, ரெண்டு பன் வாங்கினாலும் ரசீது வேண்டும்.

நீ செய்ய வேண்டியவற்றைச் சொல்கிறேன், மூச்சை இழுத்துப் பிடித்துக்கொள். சப்-ரிஜிஸ்ட்ரார் அலுவலகத்தில் டிரஸ்ட் பத்திரம். பான் எண். வருமான வரித் துறையில் டிரஸ்டுக்கு ஒரு பதிவு, நன்கொடையாளரின் வரிச் சலுகைக்கு இன்னொரு பதிவு. நிதி ஆயோக்கின் தர்பன் தளத்தில் பதிவு. வெளிநாட்டுப் பணம் வேண்டுமென்றால் எஃப்.சி.ஆர்.ஏ. என்கிற வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தில் பதிவு. அதற்கு விண்ணப்பிக்க மூன்று வருஷம் ஏற்கெனவே வேலை செய்து 15 லட்சம் ரூபாய் செலவழித்திருக்க வேண்டும். பணம் இல்லாததால்தானே கேட்கிறோம் என்று சொல்லிவிடாதே, அந்தத் தர்க்கம் உள்துறை அமைச்சகத்தில் செல்லாது. நிர்வாகிகள் எல்லாருடைய ஆதார் எண்ணும் கொடுக்க வேண்டும். மதமாற்ற வழக்கு, மதக் கலவர வழக்கு எதுவும் இல்லை என்று பிரமாணப் பத்திரம் கொடுக்க வேண்டும். 2020 திருத்தத்துக்குப் பிறகு, வெளிநாட்டுப் பணம் இறங்குவதற்கென்று எல்லாரும் டெல்லி சன்சத் மார்க்கில் உள்ள ஸ்டேட் பாங்க் கிளையில்தான் கணக்கு வைத்திருக்க வேண்டும். கௌதள்ளியில் இருப்பவனுக்கும் அதே கிளைதான். பெரிய அமைப்பு வாங்கிச் சின்ன அமைப்புக்குப் பிரித்துக் கொடுப்பதும் தடை. கொள்ளேகாலில் ஒரு வக்கீல் சங்கம் உனக்குப் பத்தாயிரம் தள்ளிவிட நினைத்தால், அது வெளிநாட்டிலிருந்து வந்த பணமாக இருந்தால், முடியாது.

நிர்வாகச் செலவு நூற்றுக்கு 20-ஐத் தாண்டக் கூடாது. முன்பு 50 இருந்தது. இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது, கவனமாகக் கேள். நிர்வாகச் செலவு எவை என்று விதியிலே ஒரு பட்டியல் உண்டு. வாடகை, வண்டி, கணக்கு எழுதுவது, அறிக்கை எழுதுவது, கூடவே சட்டக் கட்டணம். ஆஸ்பத்திரி நடத்தினால் டாக்டர் சம்பளமும் பள்ளிக்கூடம் நடத்தினால் வாத்தியார் சம்பளமும் விலக்கு என்று உதாரணம் கொடுத்திருக்கிறார்கள். சிறைக் கைதிக்காக வாதாடுகிற வக்கீல் அந்த உதாரணத்தில் இல்லை. உன் டிரஸ்டின் வேலையே வக்கீல் வேலை. அது நோக்கச் செலவா நிர்வாகச் செலவா என்று நீ ஆடிட்டரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கும்போது கைதி இன்னொரு வாய்தாவுக்குப் போய்விட்டு வந்திருப்பான்.

இதெல்லாம் வெளிப்படைத்தன்மைக்காக என்பார்கள். கணக்குக் கேட்பதில் எனக்கு ஒரு ஆட்சேபணையும் இல்லை. ஊர்ப் பணத்தை வாங்குகிறவன் கணக்குச் சொல்லித்தான் ஆக வேண்டும், சொல்லாதவனை உள்ளே தள்ளுவதும் சரி. கேட்கிறவனின் முகத்தைத்தான் நான் பார்க்கிறேன்.

மதுரை மக்கள் கண்காணிப்பகத்தைப் பார். 1995-ல் தொடங்கியது. ஐரோப்பிய ஒன்றியத்தின் பண உதவியோடு ஒன்பது மாநிலங்களில் போலீஸ் சித்திரவதையைப் பதிவுசெய்தது. அதைத் தொடங்கிய ஹென்றி திபேனின் பெயரைக் கேட்டாலே சில ஸ்டேஷன்களில் லத்தியைப் பீரோவில் வைத்துப் பூட்டிய காலம் ஒன்று இருந்தது. 2012 ஜூலையில் அதன் எஃப்.சி.ஆர்.ஏ. பதிவை இடைநிறுத்தினார்கள். அந்தக் கெடு முடிந்ததும் இன்னொன்று, பிறகு மூன்றாவது. டெல்லி உயர் நீதிமன்றத்தின் படியேறித்தான் கணக்கைத் திறக்க முடிந்தது. 2016 அக்டோபரில் பதிவைப் புதுப்பிக்க மறுத்தார்கள். அந்த மறுப்பின் நியாயத்தைத் தேசிய மனித உரிமை ஆணையமே தானாகக் கேள்வி கேட்டது. உள்துறைக்குக் காது கேட்கவில்லை. 2022 ஜனவரியில் சி.பி.ஐ. வழக்குப் போட்டு மதுரை அலுவலகத்தைச் சோதனை போட்டது.

தனியாக இவர்கள் மட்டுமில்லை. சிறைச் சீர்திருத்தத்துக்கென்றே ஒரு பிரிவு வைத்து விசாரணைக் கைதிகளின் கணக்கை ஜில்லா ஜில்லாவாக எடுத்துக்கொண்டிருந்த காமன்வெல்த் மனித உரிமை முன்னெடுப்பின் பதிவு 2021-ல் இடைநிறுத்தம், 2022-ல் ரத்து. பெங்களூரில் இருந்துகொண்டு விசாரணைக் கைதிகளைப் பற்றி அறிக்கை போட்ட ஆம்னெஸ்டி இந்தியாவின் வங்கிக் கணக்குகள் 2020 செப்டம்பரில் முடக்கம், ஆபீஸுக்குப் பூட்டு. ஜெயில் கதவுகளைத் திறக்கக் கேட்டவர்களின் பாங்க் கணக்குகள் ஒவ்வொன்றாக ஜெயிலுக்குப் போயின. அந்தக் கணக்குகளுக்கு ஜாமீன் கொடுக்க எந்த ஜாமீன்தாரரும் கிடைக்கவில்லை.

இப்போது எதிர்ப் பக்கத்துப் பேரேட்டைத் திருப்பு. 2014 மார்ச் 28 அன்று டெல்லி உயர் நீதிமன்றம் ஒரு தீர்ப்புச் சொன்னது. வேதாந்தா குழுமத்துக் கம்பெனிகளிடம் நன்கொடை வாங்கியதில் காங்கிரஸும் பா.ஜ.க.வும் வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தை மீறியிருக்கின்றன, நடவடிக்கை எடுங்கள் என்றது. அந்தக் கம்பெனிகளில் ஒன்று ஸ்டெர்லைட். நடவடிக்கை எடுத்தார்கள், சட்டத்தின்மேல்! 2016 நிதி மசோதாவில் எது வெளிநாட்டுப் பணம் என்ற விளக்கத்தையே 2010 வரை பின்னோக்கி மாற்றினார்கள். கட்சிகள் பணம் வாங்கியது அதற்கும் முந்தைய சட்டத்தின் காலத்தில் என்று பிறகுதான் புரிந்தது. 2018 நிதி மசோதாவில் மறுபடி கை வைத்து 1976 ஆகஸ்ட் 5 வரை கொண்டுபோனார்கள். நாற்பத்திரண்டு வருஷம் பின்னால் போய்க் குற்றம் துடைக்கப்பட்டது. நாடாளுமன்றத்தில் எதற்கெடுத்தாலும் மேஜையைத் தட்டுகிற இரண்டு கட்சிகளும் இதற்குத் தொண்டையைக்கூடச் செருமவில்லை. அந்த மசோதா நிறைவேறிய இரண்டு மாதத்தில், 2018 மே 22-லும் 23-லும், ஸ்டெர்லைட்டுக்கு எதிரான போராட்டத்தில் 13 பேரைத் தூத்துக்குடியில் சுட்டுக் கொன்றார்கள். அந்த வழக்கை மனித உரிமை ஆணையம் இழுத்து மூடியதை எதிர்த்துக் கோர்ட்டுக்குப் போனது யார் தெரியுமா? டெல்லியில் கணக்குச் சரியில்லை என்று பதிவு மறுக்கப்பட்ட அதே ஹென்றி திபேன்.

எனவே தம்பி, பின்தேதியிட்டு மன்னிக்கப்பட வேண்டுமானால் டிரஸ்ட் வேண்டாம், கட்சி தொடங்கு.

நீ பிடிவாதக்காரன், டிரஸ்ட்தான் என்பாய். அப்படியானால் உன் சொந்த ஜாதியைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். தொண்டு நிறுவனக்காரர்களைச் சொல்கிறேன், அவர்களைத் தப்பவிட்டால் இந்தக் கடிதத்துக்கு மரியாதை இல்லை. பெங்களூரில் ஒரு நட்சத்திர ஓட்டல். குளிரூட்டிய கூடம். பின்னால் பேனர், பேனரில் கம்பியைப் பிடித்த கை. எல்லாப் பேனரிலும் அதே கைதான், அவனுக்கு இன்னும் ஜாமீன் கிடைக்கவில்லை. மலையிலிருந்து விடியற்காலையில் வேனில் ஏற்றிக் கொண்டுவந்த பாட்டியைப் பதினொரு மணிக்கு மேடையேற்றி, முப்பது வருஷத்துக்கு முந்தைய கொடுமையை ஐந்து நிமிஷத்துக்குள் அழாமல் சொல்லச் சொல்வார்கள். அழுதால் இன்னும் நல்லது, கேமரா இருக்கிறது. சாப்பாட்டுக்கு முன்னால் வருகைப் பதிவேட்டில் கைநாட்டு. அறிக்கையில் பாட்டி 'பயனாளி' ஆகிவிடுவாள். அவளுக்கு என்ன பயன் கிடைத்தது என்ற கட்டம் மட்டும் அந்தப் படிவத்தில் கிடையாது. டைரக்டரின் விமானச் சீட்டுக்கு வவுச்சர் இருக்கும். மலைமேல் நாலு ஊர் நடந்து வாக்குமூலம் வாங்கிய களப்பணியாளருக்கு மூன்று மாதச் சம்பளம் பாக்கி இருக்கும். இவர்களைப் பார்த்துத்தான் உள்துறைக்காரன் தைரியமாகச் சிரிக்கிறான். இந்த மேனாமினுக்கிகளின் காலடியில் உண்மையான வேலை செய்கிறவனும் சேர்த்து மிதிபடுகிறான்.

டோனர் என்ற தெய்வத்தையும் தெரிந்துகொள். அது மூன்று வருஷத்துக்கு ஒருமுறை அவதாரம் எடுக்கும். ஒரு அவதாரத்தில் சித்திரவதைக்குப் பணம் தரும், அடுத்ததில் பருவநிலைக்குத் தரும். உன் ஊர்க் கைதியின் வழக்கு எட்டு வருஷம் நடக்கும். ப்ராஜெக்ட் முடிந்த அன்று வழக்கும் முடிந்துவிட வேண்டும் என்று எந்த நீதிபதிக்கும் சொல்ல முடியாது. தருமபுரி மாவட்டத்து வாச்சாத்தி கிராமத்தை நினைத்துப் பார். 1992 ஜூன் 20-ல் வனத்துறையும் போலீஸும் அங்கே நடத்திய கொடுமைக்கு 2011 செப்டம்பர் 29-ல் தருமபுரி நீதிமன்றம் குற்றம் சாட்டப்பட்ட 269 பேரையும் குற்றவாளிகள் என்றது, அதற்குள் 54 பேர் செத்துப்போயிருந்தார்கள். உயர் நீதிமன்றம் அதை உறுதிசெய்ய இன்னும் பன்னிரண்டு வருஷம், 2023. முப்பத்தோரு வருஷத்து ப்ராஜெக்ட்டுக்கு எந்த ஐரோப்பியக் கம்பெனி பணம் கொடுக்கும்? மலைவாழ் மக்கள் சங்கமும் மார்க்சிஸ்ட் கட்சியும் கையில் இருந்ததை வைத்து இழுத்துக்கொண்டு போனார்கள். அதிரடிப்படைக் கொடுமையைத் தமிழ்நாட்டுப் பக்கம் விடாமல் பிடித்துக்கொண்டிருந்தவர்களில் மக்கள் சிவில் உரிமைக் கழகமான பி.யு.சி.எல். உண்டு, அது வெளிநாட்டுப் பணமும் வாங்குவதில்லை, உள்நாட்டு நிதி நிறுவனங்களின் பணமும் வாங்குவதில்லை. உறுப்பினர் சந்தாவிலேயே ஓடுகிறது. அதில் இருக்கும் வக்கீல் ச. பாலமுருகன்தான் 2004-ல் 'சோளகர் தொட்டி' நாவலை எழுதினார். உன் ஊர்ப் பக்கத்து மலையில் என்ன நடந்தது என்று தமிழ்நாட்டுக்கு முகத்தில் அறைந்தாற்போல் சொன்னது அந்தப் புத்தகம்தான். அதற்குப் பிறகு வந்த வீரப்பன் சினிமாக்களும் ஓ.டி.டி. தொடர்களும் மீசையை விற்று நன்றாகச் சம்பாதித்தன.

சரி, வெளிநாட்டுக்காரன் வேண்டாம், உள்ளூரில் கேட்கலாம் என்கிறாயா? நல்ல எண்ணம். கம்பெனிகளின் சமூகப் பொறுப்பு நிதிக்குக் கம்பெனிச் சட்டத்தில் ஏழாவது அட்டவணை ஒன்று உண்டு. கல்வி, சுகாதாரம், விளையாட்டு, பாரம்பரியக் கட்டடம் எல்லாம் இருக்கின்றன. விசாரணைக் கைதி என்ற பிராணி அதில் இல்லை. பள்ளிக்கூடச் சுவரில் கம்பெனிப் பேரை எழுதலாம், ஜாமீன் பத்திரத்தில் எழுத முடியாதே. பொதுஜனம்? உன் ஊர் வழியாகப் போகிற பக்தர்கள் மாதேஸ்வரன் உண்டியலில் கோடிக்கணக்கில் போட்டுவிட்டு வருகிறார்கள். பொய்க் கேஸில் மாட்டியவன் வெளியே வர வேண்டும் என்று சாமிக்கு முடிந்து போடுகிறவர்களும் அதில் இருப்பார்கள். அந்தக் கேஸை நடத்த வக்கீலுக்கு நூறு ரூபாய் கேட்டுப் பார், "ஜெயிலுக்குப் போனவனுக்கா?" என்பார்கள். ஜெயிலில் இருப்பவன் எல்லாம் குற்றவாளி என்ற நினைப்பு நம் ரத்தத்தில் ஊறியிருக்கிறது. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் 2022 கணக்குப்படி இந்தியச் சிறைகளில் இருந்த 5,73,220 பேரில் 4,34,302 பேர் விசாரணைக் கைதிகள். நாலில் மூன்று பேர். குற்றம் நிரூபிக்கப்படாதவர்கள். இதை எத்தனை முறை எழுதினாலும் உண்டியலுக்குப் போகிற கை திரும்புவதில்லை.

அரசிடமே கேட்கலாமே என்றால், கேட்கலாம். ஏழைக் கைதிகளுக்கு உதவ 2023-ல் மத்திய அரசு ஒரு திட்டம் போட்டது. வருஷத்துக்கு 20 கோடி. அப்போது வைத்த உச்சவரம்பு ஜாமீனுக்கு 40,000 ரூபாய், தண்டனைக் கைதியின் அபராதத்துக்கு 25,000. விசாரணைக் கைதிகள் தலைக்கு வகுத்தால் 460 ரூபாய். தண்டனைக் கைதிகளையும் சேர்த்தால் 350-ஐக்கூட எட்டாது. அதை வாங்குவதற்கு மாவட்டத்தில் ஒரு குழு கூட வேண்டும், கலெக்டர் தரப்பில் ஆள் வர வேண்டும், எஸ்.பி. வர வேண்டும், அவர்களுக்கு நேரம் வர வேண்டும். 752 பேருக்கு மனையும் ரொக்கமும் கொடுக்க எந்த மாவட்டக் குழுவும் கூடவில்லை.

இவ்வளவுக்குப் பிறகும் தொடங்குவேன் என்றால் தொடங்கு, நீ தொடங்காவிட்டால்தான் எனக்குக் கோபம். பேனர் அடிக்காதே. ஜில்லா சட்டப்பணிகள் ஆணைய அலுவலகத்துக்குப் போ. ஜாமீன் கிடைத்து ஏழு நாளில் வெளியே வராத கைதியைப் பற்றிச் சிறைக் கண்காணிப்பாளர் அந்த ஆணையத்துக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அந்தப் பட்டியலைக் கேள். கொடுக்க மாட்டார்கள். மறுநாளும் போய்க் கேள். கிடைத்த ஒவ்வொரு பெயருக்கும் பஹணி என்கிற நில ஆவணம் வைத்திருக்கிற ஒரு ஜாமீன்தாரரை உன் ஊரில், மார்ட்டள்ளியில், ராமாபுரத்தில் தேடு. இதற்கு டோனர் வேண்டாம், பஸ் சார்ஜும் செருப்பும் போதும். கணக்கை மட்டும் பைசா சுத்தமாக எழுதி, மாதம் ஒருமுறை ஊர்ச் சாவடிச் சுவரில் ஒட்டு.

கூடவே இன்னொன்றும் செய். இரண்டு மாநில உள்துறைக்கும் பத்து ரூபாய்க் கட்டணத்தில் தகவல் அறியும் மனு அனுப்பு. 1993 முதல் 2004 வரை அதிரடிப்படைக்கு ஆன மொத்தச் செலவு என்ன? சதாசிவா குழுவின் அறிக்கைக்குப் பிறகு எத்தனை போலீஸார்மீது வழக்குப் போட்டீர்கள், அதில் எத்தனை பேர் தண்டனை பெற்றார்கள்? மைசூரில் விடுதலையான 109 பேருக்கும் தவறாகச் சிறையில் வைத்ததற்காக எவ்வளவு கொடுத்தீர்கள்? சித்திரவதைக்கு எதிரான ஐ.நா. உடன்படிக்கையில் 1997 அக்டோபரில் கையெழுத்துப் போட்ட நாடு இன்றுவரை அதை ஏற்புறுதி செய்யாதது ஏன் என்று மூன்றாவதாக ஒரு மனுவை டெல்லிக்கும் போடு.

முப்பது நாளில் பதில் தர வேண்டும் என்பது சட்டம். வருகிற பதிலை, அது வெறும் மறுப்பாக இருந்தாலும், எனக்கு அனுப்பு. ஒரு எழுத்து விடாமல் அச்சில் போடுகிறேன்.